வந்தவர் என்னும் சொல்: குடிபெயர்வும் மலையக இலக்கியமும்

வெளியிலிருந்து வந்தோரின் உழைப்பினால் ஒரு நாட்டின் பொருளாதாரம் கட்டியெழுப்பப்படுமாயின், அந்நாடு தன்னைப்பற்றிக் கொண்டுள்ள எண்ணமும் மாற வேண்டியதாகின்றது. உழைப்பை ஏற்றுக்கொண்டு உழைப்பவரைப் புறத்தே நிறுத்தும் ஏற்பாடு, ஏதோ ஒரு கட்டத்தில் முரண்பாடாக வெடித்தே தீரும். இலங்கையின் மலையகத் தமிழ் இலக்கியம் இம்முரண்பாட்டின் நடுவே பிறந்ததாகும். ஆயின், விமர்சகர் பலர் அதனைத் துயரத்தின் இலக்கியமாகவே போற்றி வந்துள்ளனர். அப்போற்றுதலில் உண்மையுண்டு, குறையும் உண்டு. துயரத்தை மாத்திரம் தேடும் வாசகருக்கு, இம்மண் தமக்கும் உரியது என்று அவ்விலக்கியம் எழுப்பும் உரிமைக்குரல் கேட்பதில்லை.

இவ்வுரிமைக்குரலின் அடிப்படை பொருளாதாரத்திலேயே உள்ளது. 1830 களிலிருந்து மலைநாட்டில் விரிவடைந்த கோப்பிப் பயிர்ச்செய்கைக்குத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் திரட்டப்பட்டனர். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்புவோரே அன்று பெரும்பாலோராயினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. இதனாற் குடும்பம் குடும்பமாக மக்கள் லயன் அறைகளில் நிலைகொண்டனர். வந்து போனவரைக் குடியிருப்போராக மாற்றியது பயிரின் இயல்பும் அதனை நம்பிய மூலதனத்தின் தேவையுமேயாகும். கங்காணியிடம் பட்ட கடனும், 1921 இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய 'துண்டு' முறையும் அவர்களைத் தோட்டங்களோடு பிணைத்தன. நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேற்பட்டதைத் தேயிலை ஈட்டித்தந்த காலமும் இருந்தது. வந்தவர் நாட்டுக்குச் சுமையாயினர் என்னும் வாதத்துக்கு இவ்வரலாற்றில் இடமில்லை.

இருந்தும் அவ்வாதம் வேரூன்றியது. அதன் காரணம் நுணுகி நோக்கற்பாலது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் துணைகொண்டு கிராமத்தவர் பயன்படுத்திவந்த நிலங்களை அரசு தனதாக்கித் தோட்டத்துரைமாருக்கு விற்றது. நிலமிழந்த கண்டிக் குடியானவனின் கண்முன் நின்றவனோ தொழிலாளி. நிலத்தை விற்றவன் தொலைவில் இருந்தான். அரசின்மீதும் மூலதனத்தின்மீதும் எழவேண்டிய சினம் கொழுந்துக் கூடை சுமந்தவள்மீது திரும்பியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மனப்பான்மைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்கும் சட்டம், பத்திரம் எதுவுமில்லாத லயன் அறைகளில் தலைமுறைகளாகப் பிறந்தவரை அந்நியராக்கிற்று. 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தை இப்பின்னணியில் வைத்தே நோக்கல் வேண்டும். அவரைத் தெரிவுசெய்த மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு 1952 இல் வாக்கில்லை. 1954 இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழான அவரது கவிதையை வெறும் புலம்பலாகப் படிப்பது பொருந்தாது. பெயரின்றித் தேயிலைச் செடியின்கீழ்ப் புதையுண்டோரை அது நினைவுகூர்கின்றது. சட்டம் கேட்ட பத்திரத்துக்கு மாற்றாகப் புதைகுழியையே அது சான்றாகக் காட்டுகின்றது எனலாம். நாட்டார் பாடல்களைத் திரட்டிய அவரது பணியும் அத்தகையதே. அரசிடம் பதிவில்லாத மக்களின் பதிவேடாக அப்பாடல்கள் அமைந்தன.

தமிழகத்திலிருந்து நோக்கியோரின் பார்வை வேறு. 1930 களிற் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி' தோட்ட வாழ்வின் கொடுமையை அஞ்சாது காட்டிய கதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே இலங்கை, சென்றவர் அழியும் இடமாகவே நிற்கின்றது. அது வாழும் இடமாதல் கூடும் என்பது கதையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964 இல் வெளிவந்தது. பழமொழியொன்றை நினைவூட்டும் அத்தலைப்பிலேயே ஏமாற்றத்தின் கதை அடங்கியுள்ளது. எனினும் அந்நாவல் ஒரு படி முன்னே செல்கின்றது. தலைமுறைகள் கடந்து விரியும் கதையாதலின், தூரத்துப் பச்சையாகத் தோன்றிய இடமே பிள்ளைகளுக்குப் பிறந்த மண்ணாகிவிடுவதை அது மறைக்க இயலவில்லை. அதே ஆண்டிலேதான் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படுவதாயிற்று. நாவலாசிரியர் மனிதரைக் கண்ட இடத்தில் அரசுகள் இலக்கங்களைக் கண்டன.

மலையகத்திலேயே வாழ்ந்து எழுதியோரிடம் நோக்கு முற்றாக மாறுகின்றது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையின் நடுநாயகமாக அமைவது ஒரு பெண்ணின் தொழில்திறனும் அதுபற்றிய மானவுணர்வுமாகும். இரக்கத்தை வேண்டி நிற்காத கதை அது. தெளிவத்தை ஜோசப் தோட்டமொன்றின் பெயரைத் தம் பெயரின் முன்னே சூடிக்கொண்டவர். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஊர்ப்பெயரைச் சூடிக்கொண்டபோது அதனை எவரும் வியப்புடன் நோக்கவில்லை. தோட்டமும் ஓர் ஊரே என்பதை ஜோசப்பின் பெயர் அறிவித்தது. 1979 இல் வெளிவந்த அவரது சிறுகதைத் தொகுதியின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் விடுதலைப் பாடலை நினைவூட்டும் அத்தொடர், பிரசாவுரிமை மறுக்கப்பட்ட மக்களிடையே ஒலிக்கையில் புதிய பொருள் பெறுகின்றது.

சமூக மனப்பான்மை பற்றிய விசாரணை பெரும்பான்மையினத்தோடு முடிந்துவிடலாகாது. 'தோட்டக்காட்டான்' என்னும் சொல் தமிழர் நாவிலும் வழங்கியதே. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழர் மொழியால் உறவு கொண்டாடிய வேளையிலும், சாதியாலும் வர்க்கத்தாலும் விலகி நின்றனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்த தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினரும் இருந்தனர். 1960 களிற் தேசிய இலக்கியம், மண்வாசனை என்பன குறித்து எழுந்த விவாதங்கள் மலையக எழுத்தை வரவேற்றமை பாராட்டுக்குரியது. எனினும், ஒரு பிரதேசத்தின் வாசனையாக மட்டும் அதனை ஏற்றுக்கொண்டால், தேசியம் என்னும் கருத்தையே அது மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகின்றது என்பது மறைந்துபோகும். மண்ணைப் பண்படுத்தியவனுக்கே மண் அந்நியமாயின், மண்வாசனை எவருடையது?

ஒப்பந்தத்தின்படி தமிழகம் சென்று நீலகிரித் தோட்டங்களிற் குடியேறியோர் அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கே குடிசன மதிப்பீடுகள் எஞ்சியோரை 'இந்தியத் தமிழர்' என்றே வகுத்தன. எந்நாட்டில் நின்றாலும் மறுநாட்டின் பெயரைச் சுமக்கும் இந்நிலையில், 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் அம்மக்கள் தாமே ஆக்கிக்கொண்டது. அதனை நிலைபெறச் செய்ததில் இலக்கியத்தின் பங்கு பெரிது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கலைப் பெரிதும் தீர்த்தது. காணியும் வீடும் முழு உரிமையாவது இன்னமும் கோரிக்கையாகவே உள்ளது. 2023 இல், வருகையின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, முன்னோர் வழியில் விழுந்து மடிந்த தலைமன்னார்-மாத்தளைப் பாதையில் மக்கள் நடந்தனர். அந்நடையில் துயரமும் இருந்தது. அத்துடன் இவ்வழியே வந்தோம், இங்கேயே வாழ்வோம் என்னும் அறிவிப்பும் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் விமர்சனமே மலையக இலக்கியத்துக்கு நீதி செய்வதாகும். 'பாவம்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும் விமர்சனம், நல்லெண்ணம் கொண்டதாயினும், அம்மக்களை மீண்டும் வந்தவராகவே நிறுத்திவைக்கும்.