சிலுவையின் முதுகு

ராயபுரத்தில் பீடச் சிறுவனாக இருந்தபோது, திருவிழாப் பவனியில் சிலுவை தூக்குவதுதான் எங்களுக்குள் பெரிய பதவி. பாடுபட்ட சுரூபத்தின் முகம் போகிற திசையைப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. ஒரு வருஷம் பவனி முடிந்து வந்து, ஆயாவிடம் பெருமையாகக் கேட்டேன், "எப்டி தூக்கினேன்?" ஆயா சொன்னது: "நா இன்னாத்த பாத்தேன்? பின்னாலேர்ந்து நாலு ஸ்க்ரூவும் ஒரு தகரமும்தான் தெரிஞ்சுது."

சிரித்துவிட்டேன். ஆனால் பவனிச் சிலுவைகளைப் பற்றி நான் படித்த எதைவிடவும் கூர்மையான விமர்சனம் அதுதான். பவனிச் சிலுவைக்கு இரண்டு பார்வையாளர்கள். தெருவோரம் நிற்பவர் முன்பக்கத்தைப் பார்க்கிறார். செபமாலை சொல்லிக்கொண்டு கூடவே நடப்பவர் வழிநெடுக முதுகைத்தான் பார்க்கிறார். அதிக தூரம் நடக்கிறவருக்குத் தகரம்.

இடைக்கால ஐரோப்பியக் கொல்லர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அன்றைய பல பவனிச் சிலுவைகளில் முன்னால் அறையப்பட்ட உடல் இருக்கும். பின்னால் நடுவில் செம்மறி, நான்கு முனைகளில் நற்செய்தியாளர்களின் குறிகளான மனிதன், சிங்கம், காளை, கழுகு. ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்த லோத்தர் சிலுவை ஜெர்மனியின் ஆகன் நகரில் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க ரத்தினங்கள், நடுவில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் செதுக்கிய கல். மறுபக்கம் வெறும் தகடு, அதில் மெல்லிய கோடுகளால் கீறிய, தலை சாய்ந்து செத்துப்போன இயேசு. எது முன், எது பின் என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, எனக்கு அந்தக் கோட்டுச் சித்திரம் இருக்கிற பக்கம்தான் சிலுவை.

இந்தக் காலக்கட்டம் நமக்கு அந்நியமில்லை. அது ராஜராஜன் காலம். சோழர் செப்புத் திருமேனிகளின் பீடத்தில் துளைகள் இருக்கும், கம்பு கோத்துத் தூக்க. திருவொற்றியூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: மூலவர் அசையமாட்டார், உற்சவர் தெருவுக்கு வருவார். சிலுவையிலும் அப்படியே.

நம்மூர் மூலவர் பரங்கிமலையில் இருக்கிறார். 1547-ல் போர்த்துக்கீசியர் கோவில் கட்டத் தோண்டியபோது கிடைத்த கல் சிலுவை. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் ரத்தம் வியர்த்தது என்று சொல்லி, எல்லோரும் அந்தக் கதையிலேயே நின்றுவிடுகிறார்கள். கல்லைப் பாருங்கள் என்பேன். உடல் இல்லை. மொட்டு விட்ட முனைகள், மேலிருந்து தலைகீழாக இறங்கும் புறா, அடியில் விரியும் இதழ்கள், சுற்றிலும் பாஃலவி எழுத்து. இதழைப் பார்த்ததும் "தாமரை, ஆகவே இந்தியத் தாக்கம்" என்று எழுதிவிட்டு நகர்வது சோம்பேறித்தனம். அடியில் இலை துளிர்க்கும் சிலுவை மேற்கு ஆசியக் கிழக்குத் திருச்சபைகளிலும் உண்டு. மரணம் தந்த மரம் தழைக்கிறது என்பதே அதன் பேச்சு.

அந்த எழுத்தை 1873-ல் பர்னெல் வாசித்து வெளியிட்டார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். பெயரில் ஒத்துப்போகாதவர்கள்கூட, இதைச் செய்தவனுக்கு இரங்கு என்ற மன்றாட்டைக் கண்டிருக்கிறார்கள். (பாஃலவி, பார்சிகளின் சமய நூல்களின் மொழி. 1910-ல் கட்டிய அவர்களது அக்னிக் கோவில் ராயபுரத்திலேயே இருக்கிறது. சின்ன வயசில் அந்த வாசலைத் தாண்டித்தான் போவோம், ஒன்றும் தெரியாமல்.) அயர்லாந்தில் 1123-ல் செய்த காங் பவனிச் சிலுவையிலும் அரசனோடு சேர்த்துச் செய்தவனின் பெயரும் இருக்கிறது. அதிலும் உடல் இல்லை, நடுவில் பளிங்குக் கல். முதுகுப் பக்கமோ, ஒன்றையொன்று பின்னிக் கடித்துக்கொண்டு நெளியும் மிருகங்களால் நிறைந்திருக்கிறது. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், ஆனாலும் செய்திருக்கிறான்.

நம்மிடம் இரண்டு வார்த்தைகள் உண்டு. சிலுவை, சிரியாக் வழி வந்தது. குருசு, போர்த்துக்கீசியம். மலையில் இருக்கிற உடலற்ற கல், முதல் வார்த்தையின் காலம். எங்கள் தெருவில் வந்த பாடுபட்ட சுரூபம் இரண்டாவதின் வாரிசு. படகுத் தொழிலாளர்களின் பணத்தில் 1829-ல் எழுந்த ராயப்பர் கோவிலின் ஊர் இது. உடம்பால் உழைத்தவர்களுக்கு அடிபட்ட உடம்பு புரிந்தது. அதில் எனக்குக் குறையில்லை. அந்த உடம்பை வார்ப்பில் ஊற்றி ஸ்க்ரூ முடுக்கி, பின்னால் வருகிறவர்களை மறந்ததுதான் குறை. கடையில் இன்று கிடைப்பதில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன.

போன டிசம்பரில் மலைக்குப் போயிருந்தேன். அந்தக் கல்லின் முதுகு எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. பீடத்துச் சுவரோடு பதித்திருக்கிறார்கள், வழியில்லை.

திரும்பி வந்து, காங் சிலுவையின் பின்பக்கப் படத்தை போனில் ஆயாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இத்த தூக்கினு போனா, பின்னால வர்றவ வாயப் பொளந்து பாத்துனே தடுக்கி வுழுவாடா."