மனுவோடு வந்தவர்கள்

நிஜ மனிதர்களையும் கற்பனைப் பாத்திரங்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துப் பேசவிடுவது பின்நவீனத்துவம் நமக்குத் தந்த உத்தி என்றொரு பேச்சு தமிழில் சில காலமாகவே நடமாடுகிறது. டாக்டரோவின் ‘ராக்டைம்’ (1975) நாவலில் ஹூடினியும் ஹென்றி ஃபோர்டும் எம்மா கோல்ட்மனும் கற்பனை மனிதர்களின் வாழ்க்கைக்குள் சர்வசாதாரணமாக வந்துபோனார்கள், உலகம் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களின் வழியே அந்த வித்தை இங்கும் வந்து சேர்ந்தது என்று கதை போகிறது. இறக்குமதிச் சரக்கென்றால் நாம் காட்டும் வழக்கமான மரியாதைதான் இது. தேதி தவறு என்பது சிறிய குறை. அந்தச் சந்திப்பில் யார் யாரிடம் எதற்காக வந்து நிற்கிறார்கள் என்பதை இந்தப் பேச்சு கேட்பதே இல்லை என்பது பெரிய குறை. உத்தியை மட்டும் பார்த்தால், பிரபலத்தின் பெயரை உதிர்த்துவிட்டுப் போகிற கதையும் அவரை நிற்கவைத்துப் பதில் கேட்கிற கதையும் ஒன்றாகிவிடும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால், தமிழில் இந்த வகையின் துணிச்சலான முயற்சி தொண்ணூறுகளில் இல்லை. 1921இல் பாரதி இறந்தபோது பாதியில் நின்றுபோன ‘சந்திரிகையின் கதை’யில் இருக்கிறது.

அதற்கு முந்தையவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். கண்ணகி வரலாறா கற்பனையா என்ற வழக்கு என்றைக்கும் முடியப்போவதில்லை. ஆனால் செங்குட்டுவனும் இலங்கைக் கயவாகுவும் நடமாடும் ஒரு காப்பியத்தில், வணிகக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அரசவைக்குள் புகுந்து வழக்குரைக்கிறாள், அரசன் தோற்கிறான். அதற்குப் பிறகு வெகுகாலத்துக்கு நம் கதைகளில் பெரியவர்கள் யாரும் தோற்கவில்லை. ‘விநோதரச மஞ்சரி’யில் கம்பரும் ஒட்டக்கூத்தரும் ஔவையும் காலக்கணக்கைப் பொருட்படுத்தாமல் ஒருவரை ஒருவர் மடக்கிக்கொள்கிறார்கள். சுவையான வாசிப்புதான், ஆனால் பிரபலங்கள் பிரபலங்களோடு ஆடும் ஆட்டம். ஊர்பேர் தெரியாதவர்களுக்கு அங்கே கைதட்டுகிற வேலைதான். ஐரோப்பாவில் வால்டர் ஸ்காட் 1818லேயே, மரண தண்டனை பெற்ற தங்கையின் உயிருக்காக ஜீனி டீன்ஸ் என்ற எளிய பெண்ணை எடின்பரோவிலிருந்து லண்டனுக்குப் பெரும்பகுதி நடக்கவைத்து, ராணி கரோலின் முன் நிறுத்திவிட்டார். பெரிய மனிதர்கள் ஓரத்தில் இருக்க, நடுவாந்தர மனிதர்கள் மையத்தில் இருப்பதே வரலாற்று நாவலின் பலம் என்று லூகாச் ஸ்காட்டிடமிருந்துதான் வகுத்துக்கொண்டார். பின்நவீனத்துவத்துக்கு உரிமை கோரும் பத்திரம் அங்கேயே கிழிந்துவிடுகிறது.

‘சந்திரிகையின் கதை’யில் நடப்பது இதுதான். பொதிகை மலையடிவாரத்து அக்ரகாரம் ஒன்று இயற்கைச் சீற்றத்தில் அழிகிறது. பிரசவித்த கையோடு உயிர்விடும் கோமதி, இளம் விதவையான தன் நாத்தனார் விசாலாட்சியிடம் மறுமணம் செய்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறாள். கைக்குழந்தை சந்திரிகையோடு விசாலாட்சி சென்னைக்கு வந்து, முதலில் ஜி. சுப்பிரமணிய ஐயரையும் பிறகு வீரேசலிங்கம் பந்துலுவையும் பார்க்கிறாள். இரண்டுமே நிஜப் பெயர்கள். ‘சுதேசமித்திரன்’ நிறுவனரான சுப்பிரமணிய ஐயர், விதவையான தன் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்து ஊரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர். 1904இல் பாரதிக்குப் பத்திரிகை வேலை கொடுத்தவரும் அவரே. வீரேசலிங்கம் 1881இல் ராஜமுந்திரியில் முதல் விதவைத் திருமணத்தை நடத்தியவர். பாரதி இவர்களை மேடையில் நிறுத்தி மாலை போட்டிருக்கலாம். அவர்களுடைய பிரசங்கங்களைப் பாத்திரங்களின் வாயில் போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவர்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பெண்ணை அனுப்பிவைக்கிறார். தரிசனம் செய்ய அவள் வரவில்லை. எனக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும் என்பதுதான் அவள் மனு. சீர்திருத்தம் என்ற பெரிய சொல், வரன் பார்ப்பது, சாதி விசாரிப்பது, உத்தியோகம் கேட்பது என்ற சில்லறை வேலைகளாக அங்கே இறங்கிவிடுகிறது. பாரதியின் நையாண்டி முழுக்க இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமானது அடுத்து நடப்பது. விதவையை மணக்கத் தயாராக டெபுடி கலெக்டர் கோபாலய்யங்கார் என்ற வரன் கிடைக்கிறார். அவரோ பணிப்பெண் மீனாட்சியிடம் மனம் பறிகொடுத்து அவளை மணக்கிறார். பந்துலுவின் சீர்திருத்தத் திட்டத்தில் இல்லாத கலப்பு மணம் ஒன்று, அவர் கண்ணெதிரிலேயே, அவர் போட்ட ஏற்பாட்டைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு நடந்தேறுகிறது. விசாலாட்சி பின்னர் விசுவநாத சர்மாவை மணக்கிறாள். அவருக்குச் சித்தம் கலங்க, மறுமணத்துக்குப் பிறகும் அவள் பாடு ஓயவில்லை. நிஜ மனிதர்கள் நிஜமாகச் சாதித்ததை நாவல் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதனை ஒரு பெண்ணின் அன்றாடத்துக்குள் வரும்போது எங்கே நெளிகிறது, எங்கே போதாமல் போகிறது என்பதைக் கற்பனை மனிதர்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கிறது. சுப்பிரமணிய ஐயரையோ பந்துலுவையோ பற்றி எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு எதுவும் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே விசாலாட்சி இல்லை.

பாரதி திறந்துவைத்த இந்தக் கதவைக் கல்கி சாத்தினார். கடுமையான தீர்ப்புதான், கல்கியின் கதைசொல்லும் சாமர்த்தியத்தைச் சந்தேகிக்க இடமில்லை. ‘சிவகாமியின் சபத’த்தில் மகேந்திரவர்மரும் நரசிம்மரும் புலிகேசியும் திருநாவுக்கரசரும் சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் கற்பனையான ஆயனச் சிற்பியையும் சிவகாமியையும் சந்திக்கிறார்கள், நாட்டியமும் ஒற்றர் வேலையுமாக நாவல் அலுக்காமல் ஓடுகிறது. ஆனால் சிவகாமி எதற்காகப் படைக்கப்பட்டாள்? 642 வாக்கில் பல்லவர் வாதாபியைக் கைப்பற்றினார்கள் என்பது வரலாறு. ஏன் என்பதற்கு உருக்கமான காரணம் ஒன்று வேண்டியிருந்தது, சிவகாமி அந்தக் காரணமாகிறாள். சபதம் கேட்டவள் அவள்தான், நகரம் எரிந்ததும் உண்மைதான், ஆகவே இதுவும் ஒரு மனு, அதுவும் நிறைவேறிய மனு என்று வாதிடலாம். நிறைவேறிய பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். நரசிம்மருக்குப் பாண்டிய இளவரசியும் வெற்றிப் பட்டமும் இருக்கின்றன. சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஒப்படைக்கப்படுகிறாள். அவளை அப்படி ஆக்கியதற்கு நரசிம்மர் பதில் சொல்லும் இடத்தைக் கல்கி பக்தியால் மூடிவிடுகிறார்.

‘பொன்னியின் செல்வ’னில் இதே வேலை இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடக்கிறது. தனக்கு வந்த அரியணையை அருள்மொழி ஏன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தான் என்ற புதிருக்கு, பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று கல்கி விடை சொல்கிறார். கற்பனை மனிதன் ஒருவன் பிரபலத்தைச் சந்திக்கவில்லை, தானே பிரபலமாகிவிடுகிறான்! தமிழில் இப்படியொரு குட்டிக்கரணத்தை வேறு யாரும் போட்டதில்லை. ஆனாலும் அதன் பயன் மறுபடியும் செப்பேட்டுக்கு விளக்கவுரை எழுதுவதுதான். பாரதியிடம் ஆவணத்தில் உள்ளவர்கள் கற்பனை மனிதர்களின் தேவைக்காக வந்தார்கள். கல்கியிடம் கற்பனை மனிதர்கள் ஆவணத்தின் ஓட்டைகளை அடைக்க வந்தார்கள். சாண்டில்யனும் அவருக்குப் பின்னால் அணிவகுத்தவர்களும் இந்த இரண்டாவது வேலையைத்தான் தொழிலாகவே நடத்தினார்கள். அங்கே குதிரையேறி வரும் வாலிபன் மன்னரைச் சந்திப்பது முத்திரை மோதிரம் வாங்கிக்கொள்ளத்தான்.

பாரதியின் வழியில் பிறகு போனவர் என்று சொல்ல வேண்டுமானால், முரணாக, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தமிழரைத்தான் சொல்ல வேண்டும். ஆர். கே. நாராயணின் ‘வெயிட்டிங் ஃபார் தி மகாத்மா’ (1955) நாவலில் காந்தி மால்குடிக்கே வந்துவிடுகிறார். நகராட்சித் தலைவர் தன் மாளிகையைத் தயார்செய்து வைத்திருக்க, அவர் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் போய்த் தங்குகிறார். பாட்டியின் செல்லத்தில் வளர்ந்த ஸ்ரீராமுக்கு காந்தியத்தில் துளி அக்கறை கிடையாது. அவனுக்கு வேண்டியது பாரதி என்ற பெண். அவளோ பாபுஜியின் அனுமதி இல்லாமல் கழுத்தை நீட்டமாட்டேன் என்கிறாள். தேசத்தின் விடுதலை ஒரு பக்கம், பெண் கேட்டு வரும் பையன் ஒரு பக்கம். காந்தி இரண்டையும் ஒரே அக்கறையோடு கேட்டுக்கொள்கிறார். இந்த நாவலில் காந்தி போதிய கம்பீரத்தோடு இல்லை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கம்பீரம் இல்லாததால்தான் அவர் அங்கே உயிரோடு இருக்கிறார்.

அப்படியானால் பிரபலத்தைத் திரைக்குப் பின்னாலேயே வைத்துவிடுவது நாகரிகமில்லையா என்று கேட்கலாம். ராஜா ராவின் ‘காந்தபுரா’வில் (1938) காந்தி ஊருக்குள் கால் வைக்கவே இல்லை, ஊர் அவரால் தலைகீழாகிறது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ம் அப்படித்தான்: நிஜாமின் ஆட்சி கவிழ்வது சந்திரசேகரனின் கிரிக்கெட்டையும் கல்லூரியையும் கலைத்துப்போடுகிறது; நிஜாமை அவன் சந்தித்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. இந்த அடக்கத்தை மதிக்கிறேன். ஆனால் எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். கதவைத் தட்டினால் திறக்கிற தூரத்தில் இருந்தவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவது பல சமயம் எழுத்தாளரின் கூச்சம்தான். இன்னொரு பக்கம், பெயரை மட்டும் அருகில் கொண்டுவரும் வழியும் உண்டு. சுந்தர ராமசாமி ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளில் (1981) தன் நாயகனை ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, சாகவைத்தார். சிவகாமி தன் சபதத்தை முடித்துவிட்டாளா என்று அதே ஜே.ஜே.யைக் கேட்கவைத்துக் கல்கியைக் குத்திய குத்து இன்றும் வலிக்கிறது. ஆனால் காம்யுவின் நிழல் ஜே.ஜே.க்குக் கிடைத்த நற்சான்றிதழாகவே நின்றுவிடுகிறது, காம்யுவிடம் ஜே.ஜே.க்குக் கேட்க எதுவுமில்லை.

சினிமாவில் கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ (2000) மனுவையே தலைகீழாக்கியது. மொகஞ்சதாரோவில் மார்டிமர் வீலரின் கீழ் வேலை செய்யும் சாகேத் ராம், கல்கத்தா கலவரத்தில் மனைவியை இழந்து, கடைசியில் காந்தியைக் கொல்ல டெல்லிக்கு வருகிறான். கொலைகாரனாக வந்தவன் மனம் மாறிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் துடிக்கிறான். காந்திக்குப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் வேறொருவன் சுட்டுவிடுகிறான். காந்தியின் வரலாற்றில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ராமின் வாழ்க்கை முழுவதும் மாறிவிடுகிறது. நிஜ மனிதர்களைத் தொட்டால் உண்மை கெடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தக் காட்சி போதுமான பதில்.

ஜெயமோகனின் ‘அறம்’ (2011) தொகுப்பில் இந்த வகை மறுபடி பெருகியது. யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியும், எவரெஸ்ட் ஏறப் போய்ப் பின் நெய்யூரில் மருத்துவம் பார்த்த சாமர்வெல்லும், உலகக் குடிமகன் கேரி டேவிஸும் கதைகளுக்குள் நடக்கிறார்கள். ‘யானை டாக்டர்’ கதையில் புழுவை அருவருக்காமல் கையில் எடுக்கும் அந்த மனிதரை மறக்க முடியாது. என்றாலும் சந்திப்பின் அமைப்பு ஒன்றேதான்: எளியவன் வருகிறான், பெரியவரைப் பார்க்கிறான், கரைகிறான். டாக்டருக்குப் பத்ம விருது வாங்கித்தர வன அதிகாரி அலைவதும் அவருக்காகத்தான்; அதிகாரிக்கென்று அவரிடம் கேட்க ஒரு கணக்கு இல்லை. ‘வெள்ளை யானை’யில் இதே எழுத்தாளர் வேறு மாதிரி எழுதிக் காட்டியிருக்கிறார். அங்கே அயோத்திதாசரின் இயற்பெயரான காத்தவராயன் என்ற பெயரில் வருகிறவர், கற்பனையான ஐரிஷ் அதிகாரி ஏய்டனைப் பஞ்சத்துக்கு முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். கேள்வி கேட்பவரும் பதில் சொல்ல வேண்டியவரும் இடம் மாறிவிடுகிறார்கள். வியப்பு குறைந்த அளவுக்கு நாவல் உயர்ந்திருக்கிறது.

கடைசியாக, சட்டமும் குடும்பமும் கட்சியும் இருக்கும்போது நிஜப் பெயரோடு எழுதுவது எளிதா என்ற ஆட்சேபம். எளிதில்லைதான். அதனால்தான் ‘இருவர்’ (1997) பெயர்களை மாற்றிக்கொண்டது. அசோகமித்திரன் ‘மானசரோவ’ரில் நட்சத்திர நடிகருக்குச் சத்யன்குமார் என்று பெயர் வைத்தார். ஆனால் முகமூடி போட்டதும் வாசகர் யார் இவர் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கிவிடுகிறார், கேள்வி கைநழுவிவிடுகிறது. தினமும் வாசலில் நூற்றுக்கணக்கானோர் மனுவோடு நின்ற தலைவர்கள் தமிழ்நாட்டுக்கு வாய்த்தார்கள். அந்த வரிசையில் ஒரு விசாலாட்சியை நிறுத்தி, அவர்கள் பெயரைச் சொல்லியே பதில் வாங்கிய நாவல் அரிதிலும் அரிது. மு. கருணாநிதி ‘ரோமாபுரிப் பாண்டியன்’ எழுதி, கல்லறைக்குப் போன மன்னர்களையெல்லாம் தன் வசனத்தில் பேசவைத்தார். அந்தப் பாண்டியனுக்குக் கிடைத்த பாத்திர அந்தஸ்து அவருக்கே இன்னும் கிடைக்கவில்லை.