பன்னிரண்டாவது ஜன்னல்

இங்கிலாந்தில், கென்ட் பிரதேசத்து ட்யூட்லி கிராம சர்ச்சில் மார்க் ஷகால் செய்த ஜன்னல்கள் பன்னிரண்டு. ஒன்றோடு நின்றிருக்கலாம் என்பது என் அபிப்ராயம்.

1963ல் படகு விபத்தில் மூழ்கி இறந்த ஸாரா என்ற பெண்ணின் நினைவாகப் பெற்றோர் கேட்டது கிழக்கு ஜன்னலை மட்டும்தான். 1967ல் அது வந்தது. கீழே நீலத்தில் அவள் கிடக்கிறாள், மேலே சிலுவை, இடையில் ஏணி. அலை எது, ஆகாயம் எது என்று நீலம் பிரித்துச் சொல்வதில்லை. துக்கம் இங்கே நிறமாகவே இருக்கிறது.

அதைப் பார்க்க வந்த ஷகால் மற்றவற்றையும் செய்ய முன்வந்தார். அவர் இறந்த 1985ல் கடைசி ஜன்னல்கள் பொருத்தப்பட்டன. அவற்றுக்கு இடம்விட்டு, விக்டோரியா காலத்துக் கண்ணாடிகள் பாதிரியார் உடைமாற்றும் அறைக்குப் போயின.

அங்கேயும் போய் நின்றேன். பின்னால் மின்விளக்கு. கோடோ நிறமோ குறையவில்லை. ஆனால் மேகம் கடந்தால் அவை மங்குவதில்லை. அவற்றுக்குச் சாயங்காலம் கிடையாது. ஓவியத்தின் மேல் வெளிச்சம் விழுகிறது. ஜன்னல் கண்ணாடியோ வெளிச்சம் வரும் வழி. வழியை அடைத்தபின் மிஞ்சுவது வெறும் மாதிரி.

அவை சாதாரண வேலைதானே என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். தென்புறத்து மஞ்சளின் முன் நானும் வாயடைத்து நின்றவன்தான். ஆனால் தரம் ஒன்றே அளவுகோலானால் வழிபாட்டிடம் காட்சிசாலையாகிவிடும். முழுமை, சேகரிப்பவனின் ஆசை. துக்கத்துக்கு ஒரு ஜன்னல் போதுமாயிருந்தது.

ஒரு நல்ல கவிதை எழுதியவன் தொகுப்பை நிரப்ப உட்காரும்போதும் இதுதான் நடக்கிறது.