வசந்தியும் கீதாவும்: 'கல்யாணப் பரிசு' பற்றிய ஒரு நோக்கு

ஒருவன்பால் மகளிர் இருவர் அன்பு பூணும் கதை தமிழுக்குப் புதிதன்று. ஆயினும், கண்ணகியும் மாதவியும் ஒருவருக்கொருவர் அயலார். ஸ்ரீதர் எழுதி இயக்கி 1959இல் வெளிவந்த 'கல்யாணப் பரிசு' என்னும் திரைப்படத்திலோ அவ்விருவரும் உடன்பிறந்தார். தமக்கை கீதாவாக விஜயகுமாரியும் தங்கை வசந்தியாகச் சரோஜாதேவியும் நடிக்க, இருவரிடையேயும் நின்று அல்லலுறும் பாஸ்கராக ஜெமினி கணேசன் தோன்றுகின்றார்.

இருவருள் எவள் கதைத்தலைவி என வினவின், வசந்தியே என்னும் விடை எளிதிற் பிறக்கும். பாஸ்கர் கல்லூரியினின்றும் நீக்கப்படக் காரணமாயிருந்தவள் அவள். அதற்கு வருந்தி அவனைக் காதலித்தவளும் அவளே. தமக்கையும் அவனையே விரும்புகின்றாள் என அறிந்ததும், தன் காதலை உள்ளடக்கி, அவளை மணக்குமாறு பாஸ்கரை வற்புறுத்துகின்றாள். கொட்டகையிற் கண்ணீர் முழுதும் இவளுக்கே உரியதாகின்றது.

இலக்கண நெறி நின்று நோக்கினும் வசந்தியின் காதல் ஒத்த அன்பாகிய ஐந்திணை. நோயுற்ற பாஸ்கருக்குப் பணிவிடை செய்கையில் கீதாவின் நெஞ்சில் முளைத்ததோ ஒருதலைக் காமமாகிய கைக்கிளை. ஆனால், கைக்கிளைக்குரியோர் தமக்கு மறுமொழி கிடைத்திலது என்பதையேனும் அறிவர். கீதாவுக்கு அவ்வறிவும் மறுக்கப்பட்டது. அவளுக்குக் கிடைத்த மறுமொழி திருமணம், அம்மறுமொழியோ பொய்.

வசந்தியின் தியாகம் பெரிதென்பதில் ஐயமில்லை. எனினும் அஃது எவருக்காகச் செய்யப்பட்டதோ அவளைக் கேளாமலே செய்யப்பட்டது. பின்னர் வசந்தி தமக்கை வீட்டில் வந்து வாழ்கின்றபோது கீதா ஐயுறுகின்றாள். இவ்வையத்தை அவளுடைய சிறுமையாகக் கொள்வாருளர். அது பொருந்தாது. அவள் அஞ்சிய குற்றம் அங்கு நிகழவில்லை. அவள் உணர்ந்த மறைவு அங்கு இருக்கவே செய்தது. மூவர் வாழும் வீட்டில் இருவர் அறிந்ததொன்றை மூன்றாமவள் மட்டும் அறியாள்.

இதே படத்தில் தங்கவேலு, வேலையில்லாதிருந்தும் 'மன்னார் அன் கம்பனி'யில் உத்தியோகம் பார்ப்பதாகவும், பைரவன் என்னும் எழுத்தாளர் தாமேயென்றும் மனைவியிடம் புளுகுகின்றார். அகப்பட்டு விழிக்கும்போது கொட்டகையே சிரிக்கின்றது. மனைவியிடம் உண்மை மறைத்தல் ஒரு வீட்டில் நகைச்சுவை, மறு வீட்டில் தியாகம்! ஸ்ரீதர் கருதிச் செய்தாரோ அன்றோ, நகைச்சுவைப் பகுதி தலைமைக் கதையின்மேல் வீசும் ஒளி இது.

கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றுப் பகுதியார்க்கு இக்கதையின் நடுப்பகுதி மிக அணித்தானது. தமக்கையை 'அக்கா' என்னும் தமிழர் மனையாயினும் 'ராத்தா' என்னும் முஸ்லிம்கள் மனையாயினும், ஆங்கு வீடு பெண்ணுக்குச் சீதனம். கணவனே மனைவியின் வீட்டிற் குடிபுகுவான். மூத்தவளின் கணவனும் மணமாகாத இளையவளும் ஒரு கூரையின்கீழ் வாழ்தல் அன்றாட இயல்பு. அவ்வாழ்வு உடன்பிறந்தாரிடையே உள்ள நம்பிக்கையொன்றையே தூணாகக் கொண்டு நிற்பது. அங்குள்ளார் கீதாவின் கலக்கத்தை வெறும் பொறாமையென ஒதுக்கிவிடார்.

உடன்பிறந்தார் இருவரை ஒருங்கே மனைவியராகக் கொள்வதை இஸ்லாமியச் சட்டம் விலக்குகின்றது; ஒருத்தி இறந்தபின் மற்றவளை மணக்கத் தடையில்லை. தமிழர் வழக்கிலும் இறந்தவளின் தங்கையை, குழந்தையின் பொருட்டேனும், மணந்துகொள்வதுண்டு. ஆகவே கீதா இறந்ததும் அடைபட்டிருந்த கதவு திறக்கின்றது. பாஸ்கர் குழந்தையுடன் வசந்தியைத் தேடி அலைகின்றான். அவன் வந்து சேர்கையில், நாகேஸ்வர ராவ் நடித்த ரகு என்பானுடன் அவள் திருமணம் முடிந்துவிடுகின்றது.

விஜயகுமாரி பின்னர் 1964இல் 'பூம்புகார்' படத்திற் கண்ணகியாகி அரசனிடம் வழக்குரைத்தார். அக்கரைப்பற்றுக்குத் தெற்கே தம்பிலுவிலில் அக்கண்ணகிக்குக் கோயிலுண்டு; வைகாசியிற் குளிர்த்தியும் உண்டு. கீதாவுக்கு வழக்குரைக்கும் காட்சி எதனையும் ஸ்ரீதர் அளித்திலர்.

படத்தின் பெயரோ பரிசு. வசந்தி தமக்கைக்குப் பாஸ்கரைக் கொடுத்தாள். பாஸ்கர் வசந்தியின் மணநாளிற் குழந்தையைக் கொடுத்துவிட்டு நடக்கின்றான். அது கீதா பெற்ற குழந்தை.