ஒடுக்கமும் ஒடுக்குமுறையும்

தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கும் அழகியதொரு சொல் ‘ஞான ஒடுக்கம்’ என்பது. வீட்டையும் தொழிலையும் சில நாட்கள் விட்டு விலகி, பேச்சடங்கி, தன் வாழ்வைத் தானே ஆராய்ந்து பார்க்கும் பயிற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் அது. ‘ஒடுங்கு’ என்பது தன்வினை. ‘ஒடுக்கு’ என்பது அதன் பிறவினை. முன்னதிலிருந்து ஒடுக்கமும் பின்னதிலிருந்து ஒடுக்குமுறையும் பிறந்தன. தமிழாசிரியனுக்கு இது வகுப்பறைப் பாடம். ஆனால், தாமாக ஒடுங்குவோருக்கும் பிறரால் ஒடுக்கப்படுவோருக்கும் யாது தொடர்பு என்பது இலக்கணத்துக்குப் புறத்தே எழும் வினா. அதனையே இங்கு ஆராய முற்படுகிறேன்.

கல்முனைப் பகுதியிலே பாங்கோசையும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே கடற்காற்றில் கலந்து வருவன. என்னுடன் கற்பிக்கும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் மூன்று நாள் ஒடுக்கம் முடித்துத் திரும்பியபோது, “மனம் துடைத்த கரும்பலகைபோல் இருக்கிறது” என்றார். “அப்பலகையில் இனி எதை எழுதப் போகிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார், மறுமொழி கூறவில்லை.

என் கேள்வி ஏளனமன்று. றமழானின் கடைசிப் பத்து நாட்களைப் பள்ளிவாசலிலே தங்கி இஃதிகாபில் கழிப்போர் மத்தியில் வளர்ந்தவன் நான். தனிமையின் பயனை அறிவேன். ‘வேலையற்றோரின் வேலை’ என்று இதனைத் தட்டிக் கழிக்கும் முற்போக்கு நண்பர்களின் கூற்று முழு உண்மையாகாது.

ஒடுக்கத்துக்கு இலக்கணம் வகுத்த நூல் என ஒன்றைச் சுட்டுவதாயின், அது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ ஆகும். ஏறத்தாழ முப்பது நாட்களுக்கு நான்கு ‘வாரங்களாக’ வகுக்கப்பட்ட இந்நூல் 1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. துறவற சபைகள் தம்மை நிறுவியோரின் மூல உணர்வுக்குத் திரும்பவேண்டும், மாறிய காலத்துக்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும் என 1965 ஒக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆணையிட்டபின், இப்பழைய நூல் புத்துயிர் பெற்றது. சபைப் புதுப்பித்தலை மதிப்பிட விரும்புவோர் இதனைப் படித்தே ஆகவேண்டும்.

படிப்போரை முதலில் வியக்கவைப்பது அதன் கண்டிப்பு. தன் குறையொன்றை வெல்ல விரும்புபவன் நாளொன்றுக்கு இரண்டு கோடுகள் வரைந்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி இடவேண்டும். இன்றைய புள்ளிகளை நேற்றையவற்றோடும், இவ்வாரத்தவற்றைச் சென்ற வாரத்தவற்றோடும் ஒப்பிடவேண்டும். கடைக்காரர் பேரேடு பார்ப்பதுபோல மனிதன் தன் மனத்தின் கணக்கைப் பார்க்கிறான். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இடம் கொடாத இம்முறையின் நேர்மையை மறுப்பார் இலர்.

ஆயினும் அக்கணக்கேட்டில் எவை பதிவாகும்? ஒருவருடைய கோபமும் பொறாமையும் சோம்பலும் பதிவாகும். அவருடைய வயலில் வெயிலிலே நின்றவருக்குக் கொடுத்த குறைகூலி பதிவாகுமா? அது பிழையென்று அவருக்குத் தோன்றினாலன்றிப் பதிவாகாது. ஊர் முழுவதும் சேர்ந்து செய்யும் பிழையை எவரும் தம் பிழையெனப் புள்ளியிடுவதில்லை. தனிமனிதனின் கண்ணாடியில் முகம் தெரியும். முதுகுக்குப் பின்னால் நிற்பவர் தெரிவதில்லை.

நூலின் தொடக்கக் குறிப்புகள் இதனை இன்னும் தெளிவாக்குகின்றன. 18ஆம் குறிப்பின்படி, கல்வியற்றவர்க்கும் திறன் குறைந்தவர்க்கும் எளிய பயிற்சிகளே போதும். பாவ அறிக்கை வரை அவர்களை அழைத்துச் செல்லலாம். வாழ்க்கை நெறியைத் தேர்ந்துகொள்ளும் பகுதிக்கு அழைத்துச் செல்லலாகாது. பொது அலுவல்களில் ஈடுபட்ட கற்றோர்க்கோ, நாளுக்கு ஒன்றரை மணிநேரம் ஒதுக்கி முழுப் பயிற்சியையும் தொடர 19ஆம் குறிப்பு வழி விடுகிறது. வர்க்க சமுதாயத்தின் நிழல் இங்கு விழுந்திருப்பதைக் காண்கிறோம். வருந்தும் உரிமை எல்லார்க்கும். தேர்ந்துகொள்ளும் உரிமை சிலர்க்கு.

பதினாறாம் நூற்றாண்டு நூலை நம் காலத்து நீதியால் தண்டிப்பது என் நோக்கமன்று. ஆனால், இன்றும் நாட்கூலியை இழந்து மூன்று நாள் ஒடுக்கத்துக்குப் போகக்கூடியவர் யார்? கரைவலை இழுப்பவரா? அறுவடைக் கூலியா? மாதச் சம்பளம் பெறும் எம்போன்றோர்தாமே!

அவ்வாறாயின் ஒடுக்கம் வேண்டாத ஒன்றா? இந்நாட்டு வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1957இல் யோகான் தேவானந்த என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர் குருநாகல் மாவட்டத்து இப்பாகமுவவில் ‘தேவசரணாராமய’ என்னும் ஆசிரமத்தைத் தொடங்கினார். பௌத்த ஆராமங்களின் அமைதியைக் கிறிஸ்தவத் தியானத்தோடு இணைப்பதே தொடக்கத்தில் அவரது நாட்டம். ஆனால், ஆசிரம வேலிக்கு அப்பால் நிலமற்ற விவசாயிகள் வாழ்ந்தனர். கண்ணை மூடியவரின் காதில் அவர்களின் குரல் விழுந்தது. இளைஞர் கிளர்ச்சியொன்று இரத்தத்தில் முடிந்த 1971இன் பின்வந்த ஆண்டுகளில், அத்தியான இல்லம் கூட்டுப்பண்ணையாகவும் விவசாயிகள் தம் நில உரிமை பற்றிக் கூடிப் பேசும் களமாகவும் மாறியது. அங்கு உருவான ‘புதிய உலக வழிபாடு’ பிற சமயத்தாரும் சமயமே இல்லாதாரும் கலந்துகொள்ளத்தக்கதாய் அமைந்தது. அவர்கள் தியானத்தைக் கைவிட்டனர் என்பது தவறு. தியானம் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அது.

அதே குருநாகல் பகுதியின் ஆங்கிலிக்கன் அத்தியட்சராக 1962 முதல் பணியாற்றியவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. சிங்களவர். 1983 ஆடிக் கலவரத்திலே தமிழர் கொல்லப்பட்டபோது உடல்நலங் குன்றி நாட்டுக்கு வெளியே இருந்தார். திரும்பி வந்து, செப்டெம்பரில் தம் சபைக்கு ஒரு மேய்ப்புரை வழங்கினார். நிகழ்ந்த கொடுமைக்கு எந்தக் காரணமும் நியாயமாகாது என்றும், சிங்கள மக்கள் அதனை ஏற்று வெட்கப்படவும் தமிழரிடம் மன்னிப்புக் கோரவும் வேண்டும் என்றும் அவ்வுரை கூறியது. ஒக்டோபர் 23இல் அவர் காலமானார்.

இவ்வுரையை ஒடுக்க இலக்கியத்தின் உச்சம் என்றே நான் மதிப்பிடுவேன். நிகழ்ந்ததை நினைத்தல், வெட்குதல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி பூணுதல் என ஆத்தும சோதனையின் பழைய படிகள் அனைத்தும் அதில் உள்ளன. மாறியிருப்பது எழுவாய் ஒன்றே. ‘நான்’ இருந்த இடத்தில் ‘நாம்’ வந்து நிற்கிறது. கலவரத்தன்று கடல் கடந்து இருந்தவர், ‘என் கையில் இரத்தமில்லை’ என்று தம் ஏட்டை மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை.

இந்த அளவுகோலை அயலாரிடம் மட்டும் நீட்டுவது நேர்மையாகாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதையும், அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதையும் நாங்கள் ஆண்டுதோறும் நினைக்கிறோம். நினைக்கவே வேண்டும். அதே ஆகஸ்டில், எமது மாவட்டத்து வீரமுனையிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதையும், முஸ்லிம் ஊர்காவற்படையினர் மீது அதற்காகச் சுமத்தப்படும் குற்றத்தையும் எங்கள் ஏட்டில் எங்கே எழுதியிருக்கிறோம்? 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் சிறுவர்களும் மாண்டனர். ஐந்தாம் நாள், கல்முனைக்கு அருகே சாய்ந்தமருதில், அக்கொலைஞரின் குடும்பத்தார் ஒரு வீட்டில் தம்மையும் தம் குழந்தைகளையும் வெடிவைத்து மாய்த்துக்கொண்டனர். ‘அவர்கள் நம்மவரல்லர்’ என்று உடனே கூறினோம். அது உண்மை. ஆனால், ஆத்தும சோதனை அவ்வொரு வாக்கியத்தோடு முடிந்துவிடுமா?

இடதுசாரிகளாகிய நமக்கும் ‘சுயவிமர்சனம்’ என்ற சொல் உண்டு. 1956இல் மொழிச் சமத்துவத்துக்காக நாடாளுமன்றத்தில் முழங்கிய கொல்வின் ஆர். டி சில்வாவே, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக நிலைநாட்டிய 1972ஆம் ஆண்டு யாப்பை உருவாக்கிய அமைச்சர். அதனை நம் ஏட்டில் நாம் எத்தனை முறை புள்ளியிட்டிருக்கிறோம்?

அடுத்த முறை நண்பர் ஒடுக்கத்துக்குப் புறப்படும்போது நான் தடுக்கமாட்டேன். அவர் கொண்டுசெல்லும் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ‘நாம்’ என்று தலைப்பிடுமாறு கேட்பேன். எங்கள் பள்ளிவாசலில் இஃதிகாப் இருப்போரிடமும், எங்கள் தோழர்களிடமும் அதையே கேட்பேன். அப்பக்கத்தை எழுத அஞ்சும் சபை எதுவாயினும், அங்கே புதுப்பிக்கப்பட்டது சுவர்ச் சுண்ணாம்பு மட்டுமே.