பத்துக் கண்ணிகளும் பல பாணிகளும்: 'சின்னஞ்சிறு கிளியே' கடந்து வந்த பாதை

தமிழிசை மேடையில் கச்சேரியின் கடைசிப் பகுதியான துக்கடா நேரம் வந்ததும் ரசிகர்கள் விரும்பிக் கேட்கும் பாடல்களில் பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே'க்குத் தனியிடம் உண்டு. நூறாண்டு கடந்த இந்தப் பாடலைக் கச்சேரி வித்துவான்களும் திரைப் பாடகர்களும் நாட்டியக் கலைஞர்களும் தத்தம் வழியில் பாடியும் ஆடியும் வந்திருக்கிறார்கள். அந்த வழிகள் எவை, அவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவிஞர் வகுத்த வழி

'கண்ணன் பாட்டு' 1917-ல் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் நூலாக வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 1919-ல் வ.வே.சு. ஐயரின் முன்னுரையுடன் வந்தது. கண்ணனைத் தோழனாக, தாயாக, அரசனாக, சேவகனாக, காதலனாகக் கண்ட அந்நூலில் 'கண்ணம்மா - என் குழந்தை' என்ற தலைப்பில் அமைந்த பத்துக் கண்ணிகளே இந்தப் பாடல். பராசக்தியைக் குழந்தையாகப் பாவித்துப் பாடியது என்பதைக் கவிஞரே தலைப்பின் கீழ் குறித்திருக்கிறார். ஆகவே கொஞ்சலும் வழிபாடும் இதில் ஒன்றாகவே பிறந்தன.

பாரதியாரின் குரல் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. புதுவைக் கடற்கரையில் நிலவொளியில் அவர் தம் புதிய பாட்டுகளைப் பாடக் கேட்டவர்கள் அவற்றை மாணிக்கமாக மதிப்பார்கள் என்று வ.வே.சு. ஐயர் முன்னுரையில் எழுதியது நமக்குக் கிடைத்த சாட்சி. அதைவிட உறுதியான சான்று நூலிலேயே இருக்கிறது. பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்து, ஸ்வர வரிசையையும் பாரதியார் தந்திருக்கிறார். அந்த வரிசையை மாதிரியாக வைத்துக்கொண்டு, மனத்தில் எழும் பாவத்துக்கேற்ப மாற்றிப் பாடிக்கொள்ளலாம் என்ற அனுமதியையும் அங்கேயே கொடுத்திருக்கிறார். பின்னால் வந்த எல்லாப் பாணிகளுக்கும் இந்த அனுமதியே அடிப்படை. மெட்டு மாறலாம், ஆனால் அந்த மாற்றத்துக்குப் பாவம் காரணமாக இருக்க வேண்டும். கவிஞர் வைத்த நிபந்தனை இதுதான்.

பாடலின் அமைப்பும் அதற்கு இடம் தருகிறது. ஒவ்வொரு கண்ணியும் தன்னளவில் முழுமையானது. குழந்தை ஓடி வருவது ஒரு கண்ணி, உச்சி முகர்வது ஒன்று, முத்தமிடுவது ஒன்று, அதன் முகம் சிவந்தால் கலங்குவது, அதன் கண்ணில் நீர் கண்டால் நெஞ்சு பதறுவது, மழலையில் துன்பம் மறப்பது என்று ஒவ்வொன்றும் வேறு வேறு உணர்ச்சி. மாலைக்குப் பூத் தொடுப்பதுபோல, கண்ணிக்கு ஒரு ராகம் என்று தொடுக்க இதைவிடப் பொருத்தமான பாட்டு அரிது.

திரை தந்த ராகமாலிகை

பாரதியார் பாடல்களைத் திரையிலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 1947-ல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. 1949-ல் பாரதி படைப்புகளின் உரிமையை அரசு ஏற்றது. இரண்டு ஆண்டுகளில், 1951-ல், என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' படத்தில் 'சின்னஞ்சிறு கிளியே' புது உருவம் பெற்றது.

இசையமைத்தவர் சி.ஆர். சுப்பராமன். பாடியவர்கள் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும். காபியில் தொடங்கி மாண்டு, வசந்தா, திலங், நீலமணி முதலிய ராகங்கள் வழியே செல்லும் அந்த ராகமாலிகைதான் இன்று பெரும்பாலோர் காதில் இருக்கும் மெட்டு. அதைப் பாரதியாரே அமைத்தது என்று நம்புவோரும் உண்டு. அந்தப் பெருமை சுப்பராமனுக்கு உரியது. மேடையில் பாடுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாட வேண்டும். இருபத்தெட்டு வயதில், 1952-ல் மறைந்துவிட்ட அந்த இளைஞர் தமிழிசைக்கு விட்டுச்சென்ற சொத்துகளில் இது தலையாயது.

பாடியபோது எம்.எல்.வி. என்று அழைக்கப்படும் வசந்தகுமாரி இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை, அதிவேகப் பிருகாக்கள் சர்வ சாதாரணமாக வரும் சாரீரம். அப்படிப்பட்டவர் இந்தப் பாட்டில் தம் வித்தையை அடக்கி வைத்தார். கமகம் சொல்லின் மீது ஏறவில்லை. ஒரு ராகத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம் துருத்திக்கொண்டு தெரியவில்லை. இந்தப் பாட்டைப் பாட வருகிற எவருக்கும் அந்த அடக்கமே முதல் பாடம்.

மேடையும் பிற வழிகளும்

திரையில் பிறந்த மெட்டைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவரும் எம்.எல்.வி.தான். அவர் சிஷ்யை சுதா ரகுநாதனும் பிறகு பலரும் அதைத் தொடர்ந்தார்கள். இந்தக் கச்சேரிப் பாணியில் காலப்பிரமாணம் சற்று இறங்கும். கண்ணிக்கு முன் சிறு ஆலாபனை சேரும். வயலின் பதில் சொல்லும். பாவத்தை ஆழப்படுத்தும் வரை இந்த விரிவு நல்லதே. ஸ்வரக் கோவைகளை அடுக்கிப் பாட்டைக் கனமான கீர்த்தனையாக்க முனையும்போது குழந்தை காணாமற்போகிறது. வித்துவான் மட்டும் எஞ்சுகிறார்.

மூன்றாவது வழி 1987-ல் பிறந்தது. 'நீதிக்குத் தண்டனை' படத்துக்காக எம்.எஸ். விஸ்வநாதன், சுப்பராமனின் நிழல் படாத புதிய மெட்டு ஒன்றைப் போட்டார். சுப்பராமனிடம் பணியாற்றியவர் அவர் என்பதை நினைத்தால் அந்தத் துணிவு இன்னும் பெரிதாகத் தெரியும். கே.ஜே. யேசுதாஸுடன் சேர்ந்து பாடியவர் பதின்ம வயதுச் சிறுமியான ஸ்வர்ணலதா. அதுவே அவருடைய முதல் திரைப்பாட்டு. சுப்பராமனின் மெட்டில் பூரிப்பு மேலோங்கியது என்றால் இதில் சோகம் மேலோங்கியது. பாரதியார் கொடுத்த அனுமதியைச் சரியாகப் பயன்படுத்திய உதாரணம் இது.

நாட்டிய மேடை இதைப் பதம்போலக் கையாள்கிறது. அங்கே ஒரே வரியைப் பல முறை பாட, தாயின் அபிநயம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஒரு கண்ணியின் தொடக்கம் 2002-ல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்குப் பெயராகவும் ஆயிற்று.

அளவுகோல்கள்

பொருள் உணராமல் பாடுவதையும், சொல்லைச் சிதைப்பதையும், ரசம் இல்லாத வித்தையையும் 'சங்கீத விஷயம்' கட்டுரையில் பாரதியார் கடுமையாகக் கண்டித்தார். அவர் பாட்டை அவருடைய அளவுகோலாலேயே அளப்பதுதான் நியாயம்.

முதலாவது, சொல் தெளிவு. ழகரமும் ளகரமும் பிறழாமல், சொல்லை நடுவே வெட்டாமல் பாட வேண்டும். இரண்டாவது, பாவ மாற்றம். முத்தத்துக்கும் கண்ணீருக்கும் குரலில் வேறுபாடு தெரிய வேண்டும். ராகம் மட்டும் மாறினால் போதாது. மூன்றாவது, முழுமை. மிகக் குறைவாகக் கடைப்பிடிக்கப்படுவது இதுதான். ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை குழந்தையின் கண்ணீரைப் பாடும் ஏழாம் கண்ணியைத் தாண்டுவதில்லை. அன்பு தருவதில் குழந்தைக்கு நிகரான தெய்வம் உண்டா என்று கவிஞர் கேட்கும் இடம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பராசக்தி என்ற தலைப்புக் குறிப்பு பொருள் பெறுவதும் அங்கேதான். அதை விட்டுவிட்டால் பாட்டு வெறும் தாலாட்டாகக் குறுகிவிடுகிறது.

இம்மூன்றாலும் அளந்தால், சொல்லிலும் பாவத்திலும் 1951-ன் பதிவே இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. முழுமை என்ற இடம் இன்னும் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. இசை ஆசிரியர்கள் பத்துக் கண்ணிகளையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பாரதியார் குறித்த பைரவி ஸ்வர வரிசையையும் ஒருமுறையாவது பாடிக் காட்ட வேண்டும். சபாக்கள் ஆண்டுதோறும் நடத்தும் பாரதி விழாவில் ஒரு கலைஞரிடமாவது முழுப் பாட்டையும் கேட்டு வாங்கிப் பாடச் செய்ய வேண்டும். பாரதியாருக்கு நாம் பட்டிருக்கும் கடனில் இது மிகச் சிறிய பகுதி. இந்த ஆண்டே அதைத் தீர்ப்போம்.