ஒரு சதுர மீட்டர் போதும்

அரை அங்குல பிவிசி குழாயில் மீட்டர் நீளத் துண்டுகள் நான்கு. மூலைக்கு ஒன்றாக எல்போ நான்கு. பொருள் இவ்வளவுதான். ஹார்டுவேர் கடைக்காரர் குழாயை அறுத்துக் கொடுத்துவிட்டு, "எந்த டேங்க்குக்கு சார்?" என்று கேட்டார். டேங்க்குக்கு இல்லை, புல்லுக்கு என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சட்டம் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஆசை ஆசையாய் வாங்கிய பைனாகுலர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. ஞாயிறு விடிந்தால் நான் தேடுவது இந்தக் குழாய்ச் சதுரத்தைத்தான். சூழலியலாளர்கள் இதைக் குவாட்ரட் என்பார்கள். தாவரவியல் படித்த எல்லோரும் கல்லூரியில் ஒருநாளாவது இதைத் தொட்டிருப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் கட்டம் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கியதோடு மறந்தும் இருப்பார்கள். நானும் இருபது வருடம் மறந்திருந்தேன். எத்தனை மழைக்காலங்களை வீணடித்திருக்கிறேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

முதல் சதுரத்தை நான் போட்டது காட்டில் இல்லை. மதுரைக்கு வெளியே, மனை பிரித்துக் கல் நட்டு, விற்காமல் கிடக்கும் ஒரு பொட்டலில். தினமும் அதன் வழியாகத்தான் நடக்கப் போவேன். அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், "புல்லு, கொஞ்சம் முள்ளு" என்று சொல்லியிருப்பேன். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் சட்டத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். அருகம்புல். கோரை. மூக்கிரட்டை. குப்பைமேனி. முடிந்தது என்று எழப் போனவன், அருகம்புல்லை விரலால் ஒதுக்கினேன். அடியில் அம்மான் பச்சரிசி, தரையோடு தரையாக. அதற்கும் கீழே நெருஞ்சியின் இரண்டிலைக் கன்று. ஓரத்தில் கீழாநெல்லி. நீலப் பொட்டாக விஷ்ணுகிரந்தி. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. நோட்டில் பதினேழு வரிகள் இருந்தன. நாலு செடிக்குப் பெயர் தெரியாமல் க, ங, ச, ஞ என்று குறித்திருந்தேன். வருடக்கணக்காக மிதித்து நடந்த இடம்!

குழாயில் மாயம் ஒன்றும் இல்லை. சட்டம் இல்லாதபோது கண் தன் இஷ்டத்துக்கு ஓடும். பூவைப் பார்க்கும், உயரத்தைப் பார்க்கும், ஏற்கெனவே பெயர் தெரிந்ததைப் பார்க்கும். சட்டத்தை வைத்துவிட்டால் ஓட இடமில்லை. வேர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியும் கணக்குக்கு வந்தாக வேண்டும். ஆளுயர எருக்குக்கும் ஒரு வரி, கடுகளவு முளைக்கும் ஒரு வரி.

இதன் விதிகள் இருக்கின்றனவே, அவற்றின் அழகு தனி. கோட்டின்மேல் நிற்கும் செடி உள்ளா, வெளியா? நாலு பக்கக் கோட்டையும் சேர்த்தால் கணக்கு கூடும். நாலையும் விட்டால் குறையும். ஆகவே இரண்டு பக்கம் உள்ளே, இரண்டு பக்கம் வெளியே என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் மேற்கோட்டையும் இடக்கோட்டையும் சேர்த்துக்கொள்வேன். அருகம்புல்லை எப்படி எண்ணுவது? அது ஒரே கொடியாக ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். எது ஒரு செடி என்று அதற்கே தெரியாது. அதனால் அதை எண்ணுவதில்லை. சட்டத்தின் குறுக்கும் நெடுக்கும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சணல் கட்டினால் நூறு கட்டம் கிடைக்கும். எத்தனை கட்டத்தைப் புல் மூடியிருக்கிறதோ அத்தனை சதவீதம். ஒரு சாக்குநூல் உருண்டையில் நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கு வந்துவிடுகிறது!

சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் மனசாட்சிக்குச் சோதனை. கல்லூரியில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் எறியச் சொல்வார்கள். கண்ணை மூடினாலும் கை முள்ளுப் பக்கம் எறியாது. எனவே நான் எறிவதை விட்டுவிட்டேன். பொட்டலின் இரண்டு ஓரத்தில் நூறு மீட்டருக்கு அளவு வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் சேர்ந்திருக்கும் பஸ் டிக்கெட்டுகளை எடுப்பேன். கடைசி நாலு எண் 8841 என்றால் இப்படி 88 மீட்டர், அப்படி 41 மீட்டர். போய் நின்றால் சில நாள் பூத்துக் குலுங்கும் இடம், சில நாள் பாட்டில் சில்லு, சில நாள் ஒரு முளைகூட இல்லாத கட்டாந்தரை. நகர்த்தி வைக்கக் கை அரிக்கும். கூடாது. பூஜ்யம் என்று எழுதிவிட்டு நகர வேண்டும். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் நான் எழுதிக்கொண்டு வருவது பொட்டலின் கணக்கு ஆகாது. எனக்குப் பிடித்த இடங்களின் பட்டியலாகிவிடும்.

பத்துச் சதுரம் முடித்தபின் வரும் கணக்கு இருக்கிறதே, அது தேன். கோரை மொத்தம் நூறு, எல்லாம் ஒரே சதுரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிரட்டை மொத்தமே பத்து, சதுரத்துக்கு ஒன்று. அடர்த்தியைப் பார்த்தால் கோரைதான் ராஜா: சதுர மீட்டருக்குப் பத்து, மூக்கிரட்டைக்கு ஒன்றே ஒன்று. எத்தனை சதுரத்தில் தென்படுகிறது என்ற நிகழ்வெண்ணைப் பார்த்தால் தலைகீழ்: கோரைக்குப் பத்துச் சதவீதம், மூக்கிரட்டைக்கு நூறு. கோரை கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி. தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் மட்டும் நெருக்கியடிக்கும். மூக்கிரட்டை தபால்காரர், எல்லா வாசலுக்கும் ஒருமுறை வந்து போகும். இரண்டே எண்ணில் ஒரு செடியின் குணத்தைச் சொல்லிவிட முடிகிறது என்று புரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பித்து பிடித்தவர்களின் வரிசை நீளமானது. டார்வின் இங்கிலாந்தில் தன் வீட்டு நிலத்தில் 3 அடிக்கு 2 அடி துண்டு ஒன்றைக் கொத்திச் சுத்தம் செய்து, முளைத்த களைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். 357 முளைத்தன, 295 அழிந்தன. பெரும்பாலும் ஓடில்லா நத்தையும் பூச்சியும் தின்றவை. 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. வாழ்க்கைப் போராட்டம் என்ற அவ்வளவு பெரிய பேச்சுக்கு ஒரு பாயைவிடச் சின்ன இடத்தில் சாட்சி தேடியிருக்கிறார் மனிதர்.

1898இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் ராஸ்கோ பவுண்டும் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸும் ஐந்து மீட்டர் சதுரங்களை அளந்து செடிகளை எண்ணினார்கள். எந்தச் செடி அதிகம் என்று அந்தப் புல்வெளியில் அலைந்த அனுபவத்தில் அவர்களுக்கு ஒரு கணிப்பு இருந்தது. எண்ணிப் பார்த்தபோது கண்ணின் கணிப்பு தப்பு என்று தெரிந்தது. இதில் பவுண்ட் பிற்பாடு ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்கு டீன் ஆனார். கண்ணால் கண்ட சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்று அவருக்குப் புல் முதலிலேயே சொல்லிக் கொடுத்திருக்கும் என்று நானாக நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

எனக்குப் பிடித்தவர் ராபர்ட் பெயின். 1963இல் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறையில் 8 மீட்டருக்கு 2 மீட்டர் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த நட்சத்திர மீன்களை எல்லாம் பெயர்த்துக் கடலில் எறிந்தார். அவை திரும்பத் திரும்ப வந்தன. இவரும் திரும்பத் திரும்ப எறிந்தார். நட்சத்திர மீன் தின்று அடக்கிவைத்திருந்த மட்டிச் சிப்பிகள் பாறையைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. வளைவின் உச்சியில் ஒரு கல்லை உருவினால் வளைவே சரிவதுபோல, சில உயிர்கள் போனால் ஊரே சரியும் என்ற கருத்து அந்தப் பாறையிலிருந்து வந்ததுதான். பதினாறு சதுர மீட்டர்!

சதுரத்தை விரித்துக்கொண்டே போனால் எங்கே போகும் என்பதற்கு நம் முதுமலையே சாட்சி. 1988இல் இராமன் சுகுமார் தலைமையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து எடுத்தார்கள். 1000 மீட்டருக்கு 500 மீட்டர். அதற்குள் இருபது மீட்டர் சதுரங்கள் 1,250. சுண்டுவிரல் பருமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண், பெயர், அளவு. முதல் கணக்கில் சுமார் 25,000 தண்டுகள், எழுபது இனங்களுக்கு மேல். வெக்காலியும் கருமருதும் தேக்கும் வெண்தேக்கும் நிற்கும் அந்தக் காட்டில் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று வருடா வருடம் போய்ப் பார்க்கிறார்கள். யானை ஒடித்ததா, தீ தின்றதா என்பது வரைக்கும் குறிப்பு உண்டு. கைடியா காலிசினா என்ற ஒரு மரத்தை யானைகள் எப்படித் தேடித் தேடித் தின்று குறைத்தன என்பது இந்த எண்ணிக்கையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

பனாமாவின் பரோ கொலராடோ தீவிலும் இதே 50 ஹெக்டேர், இதே விதி. ஸ்டீபன் ஹப்பெல்லும் ராபின் ஃபாஸ்டரும் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அங்கே தண்டுகள் இரண்டு லட்சத்துக்கு மேல், இனங்கள் சுமார் முன்னூறு. இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் அதில் பாதி, 25 ஹெக்டேர்தான். அதிலேயே சுமார் இரண்டு லட்சம் தண்டுகள், இருநூறு இனங்களுக்கு மேல். மூன்று காட்டுக்கும் மொழி வேறு, மரம் வேறு, மழை வேறு. ஆனால் கோடு போட்ட முறை ஒன்று. எந்தப் பருமனிலிருந்து எண்ணுவது என்பது ஒன்று. அதனால் முதுமலைக்காரரும் பனாமாக்காரரும் முகம் பார்க்காமலே காட்டைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிகிறது. என் கேள்விக்கு உன் காட்டில் பதில் தேடலாம். என் பொட்டலுக்கும் அந்தப் பேச்சில் கடைசி வரிசையில் ஒரு இடம் உண்டு என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

அந்தப் பொட்டலில் எனக்கு ஒரு ஆசிரியரும் கிடைத்தார். ஆடு மேய்க்க வரும் ஒரு அம்மா. ஒரு வாரம் தூரத்தில் நின்று பார்த்தவர், மறுவாரம் பக்கத்தில் வந்து, "என்ன தம்பி, காசைத் தொலைச்சுட்டியா?" என்றார். விளக்கினேன். நான் 'ங' என்று குறித்திருந்த செடியைக் குச்சியால் தொட்டு, "இது தெரியலையா? ஆடுதின்னாப்பாளை. பேர்லயே இருக்குல்ல, ஆடு தொடாது" என்றார். சட்டத்துக்குள் மற்ற இலையெல்லாம் மொட்டையாகக் கிடக்க, அது மட்டும் முழு இலையோடு படர்ந்திருந்தது. அப்படியும் ஒரு இலையில் கடி இருந்தது. திருப்பிப் பார்த்தால் கருஞ்சிவப்பில் ஒரு புழு. உடம்பெல்லாம் சதைக்கொம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. ஆட்டை விரட்டும் அதே நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொண்டு, சிவப்பு உடலும் கருப்பு இறகுமாகப் பறக்கப்போகும் பட்டாம்பூச்சி. அதைத் தின்னும் பறவைக்கு வாய் கசக்கும். ஆடு, செடி, புழு, பறவை எல்லாம் ஒரு சதுர மீட்டரில். நான் கத்திய கத்தலில் ஆடுகள் மிரண்டன. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மூலையில் முளைக்குச்சி அடித்து ஒரு சதுரத்தை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதே இடம். ஐப்பசியில் பதினேழு இருந்த இடத்தில் சித்திரையில் மூன்று மிஞ்சும்: காய்ந்த அருகு, வேரை ஆழத்தில் வைத்திருக்கும் மூக்கிரட்டை, யாரும் தொடாத கொழிஞ்சி. முதல் வருடம் எல்லாம் செத்துவிட்டது என்று வருத்தப்பட்டேன். அடுத்த மழைக்குப் பத்தாம் நாள் சட்டத்தை வைத்தபோது, காலியாக எழுதிய கட்டங்களில் வரிசையாக முளைகள். விதை மண்ணுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது; என் நோட்டுக்குத்தான் அது தெரியவில்லை.

போன மாதம் ஒரு புரோக்கர், வாங்க வருவதாகச் சொன்ன பார்ட்டிக்காக அங்கே காத்திருந்தார். நான் சட்டம் வைப்பதைப் பார்த்துப் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, எத்தனை சென்ட் பாக்குறீங்க?"

"ஒரு சதுர மீட்டர்."

சிரித்தார். பார்ட்டி வரவில்லை. வெயில் ஏறியது. சும்மா நிற்க முடியாமல் அவரும் குந்தினார். கொஞ்ச நேரத்தில் கீழாநெல்லியை அவர் எண்ண, நான் எழுத, வேலை வேகமாக நடந்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று வந்தவர் சட்டென்று நிறுத்தினார். விரல் குழாய்க்கு அடியில் நின்ற ஒரு கன்றின்மேல் இருந்தது.

"அண்ணே, இது கோட்டுமேலயே நிக்குதே. உள்ளயா, வெளியயா?"

வாழ்நாளெல்லாம் எல்லைக்கல் தகராறு தீர்த்த மனுஷன்! என்னைவிடத் தெளிவாகக் கேட்கிறார். எந்தப் பக்கக் கோடு என்று கேட்டேன்.

"இடப்பக்கம்."

"அப்ப உள்ள."

"முப்பத்திமூணு" என்றார், பத்திரம் முடித்த குரலில்.